நுரை அடிக்கிற கை

நாப்லூஸ்,
ஆலிவ் பறிப்பு முடிந்த வாரம்.

அன்பு மகன் நிஸாருக்கு உம்மா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் இங்கே நலம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். இதைக் கொண்டு வருகிறவன் உன் தங்கை மைஸூனின் கொழுந்தன், நல்ல பிள்ளை, ஒரு வேளையாவது உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பு. அவன் பையில் இந்த வருஷத்து எண்ணெய் ஒரு போத்தல், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸஅதர் பொடி, எள்ளுருண்டை, அதோடு துணியில் சுற்றிய வட்டச் சோப்பு ஒன்றும் இருக்கும். மால்மோவில் இல்லாத சோப்பா என்று சிரிக்காதே, கடிதமே அதைப் பற்றித்தான். உட்கார்ந்து படி, படித்ததும் பதறிப்போய் போன் போடாதே. போனில் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன், போனைக் கையில் எடுத்தாலே உன் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் மால்மோவிலிருந்து ருபாவின் உம்மா போனில் பேசினாள். அவள் கோபப்பட்டு நான் கேட்டதில்லை, பொறுமைசாலி, ஆனால் அன்றைக்குப் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள், உங்க மவன் என் பொண்ணைக் கட்டிக்க நிக்கிறானா, இல்ல சவரம் பண்ணிக்க நிக்கிறானா, ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க என்றாள். ஊருக்கு வர பேப்பர் கிடைக்கட்டும், வாப்பா கையால் மாப்பிள்ளைச் சவரம் ஆகட்டும், அதற்குப் பிறகுதான் நிக்காஹ் என்று நீ நிற்கிறாயாம். ருபா கல்யாண உடுப்பைத் தைத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறதாம், இப்போது போட்டுப் பார்த்தால் தோளில் தொளதொளவென்று இருக்கிறதாம். நான் வழக்கம்போல இன்ஷா அல்லாஹ் சீக்கிரம் நடக்கும் என்று சொல்லிப் போனை வைத்தேன், வைத்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாகிவிட்டது. ஏனென்றால் அது நடக்காது நிஸார். உன் வாப்பாவின் கை நடுங்குகிறது. நம் குடும்பத்து மாப்பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்து, சுற்றி நின்று பாடுகிறவர்கள் கைதட்டி முடிப்பதற்குள் ஒரு சொட்டு ரத்தம் வராமல் மழித்துவிட்ட அந்தக் கை, இப்போது ஒரு டீ கிளாஸைச் சிந்தாமல் தூக்காது. காத்திருக்காதே மகனே, இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தைரியம் வரவில்லை.

வாடகை வண்டியை விற்றது பெட்ரோல் விலையால் என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். ராமல்லா போகும் வழியில் வளைவில் ஸ்டியரிங் கைக்குள் நிற்கவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை அலறிவிட்டாள், அன்றோடு சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் போனது திரும்பாது என்றும் சொல்லிவிட்டார். நிஸாருக்கு மூச்சு விடக் கூடாது, அவன் அங்க தனியாக் கிடந்து தவிப்பான் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தவிப்பது யார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சவரக்கத்தியைக் கையில் எடுப்பதையும் நிறுத்தினார், மௌத்து விழுந்த வீட்டு ஆண்பிள்ளை மாதிரித் தாடி வளர்ந்தது. நீ கூட ஒரு நாள் போனில் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, யாரும்மா மௌத்து, எனக்கு ஏன் சொல்லலை என்று குரல் உடைந்து கேட்டாயே, வெளிச்சம் சரியில்லை என்று மழுப்பினேன். நீ மட்டுமா, எதிர்வீட்டு ஸுஹைலா மாமியும் ஜன்னல் வழியே அவர் தாடியைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை போடாத மௌத்து வீட்டுக் காபியைக் கூஜாவில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதி முடித்து மூக்கைச் சிந்தும்போது உன் வாப்பா உள்ளேயிருந்து வந்து, அல்லாவே, யாரு மௌத்து என்று கேட்டார். மாமி அவரையும் பார்த்தாள், தாடியையும் பார்த்தாள், அதை நான் உங்ககிட்ட கேக்கணும் என்றாள். அவள் போன பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. உயிரோட இருக்கும்போதே எனக்கு நாற்பது ஓதிட்டுப் போறா என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சலூனுக்குப் போங்கள் என்றால் மாட்டேன் என்றார். ஃபவ்வாஸ் கடை நாற்காலியில் உட்கார்ந்தால் கை நடுங்குவதை அவன் பார்ப்பான், அவன் சித்தப்பா மகன் உன் தெருவிலேயே இருக்கிறான், மதியத்துக்குள் செய்தி மால்மோ போய்ச் சேரும். நீ அனுப்பிய கரண்ட் மிஷினைப் போட்டுப் பார்த்தோம், கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளம் கிளம்பியது, ஆட்டு ரோமம் வெட்டுறதை அனுப்பியிருக்கான் உன் மவன் என்று பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். ஜும்ஆ தொழுகைக்குப் போவது நின்றது, மைஸூன் வீட்டுக்குப் போவது நின்றது. மனுஷர் தாடிக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தார். சரி, அடுக்களைக் கத்தி பிடிக்கிற கைதானே, இந்தக் கத்தியையும் பிடித்துப் பார்ப்போம் என்று நானே இறங்கினேன். முதலில் பலூன். மைஸூன் மகள் பிறந்தநாளில் மிஞ்சியதை ஊதிச் சோப்பு தடவிக் கத்தியால் வழிப்பது, கடைப் பையன்கள் அப்படித்தான் பழகுவார்களாம். முதல் பலூன் வெடித்து நுரை திரைச்சீலை வரைக்கும் போனது. மைஸூன் பார்த்துவிட்டு, உம்மா, இதுக்கு வாப்பா தாடியே அழகா இருக்கு, விட்டுடுங்க என்றாள்.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். என் வாப்பா வாழ்நாள் முழுக்க இந்த ஊர்ச் சோப்பாலையில் கோபுரம் கோபுரமாகச் சோப்பு அடுக்கியவர், எனக்கு நம் ஊர் ஆலிவ் சோப்பை விட்டால் வேறு சோப்பு ஏது. அதையே குழைத்துப் போட்டேன். நுரை பொங்கி வந்தது, பெருமையாக இருந்தது, ஒரு கன்னத்தை எறும்பு ஊர்கிற மாதிரி வழித்து முடித்து மறு கன்னத்துக்கு வந்தால் அங்கே நுரையே இல்லை, செத்துக் காய்ந்து வெள்ளைத் தோலாக ஒட்டியிருக்கிறது. அப்படியே கத்தியை வைத்தேன், இழுத்துவிட்டது, நல்ல வெட்டு. அவர் அந்தச் சோப்பில் ஆயுசு முழுக்கச் சவரம் பண்ணினாரே என்று அப்போதுதான் யோசித்தேன். அவர் கைக்கு அது சரி, நுரை சாவதற்குள் முகம் முடிந்துவிடும். பழகுகிற கைக்கு அது ஆகாது. நோன்பு மாதத்தில் நீ போனில் கேட்டாயே, நானும் சவரக்கத்தி வாங்கிட்டேன் வாப்பா, என்ன சோப்பு போடணும் என்று, அவர் நம்ம ஊரு சோப்புதான் வேற என்ன என்று பெருமையாகச் சொன்னார், மறுவாரம் கன்னத்தில் பிளாஸ்திரியோடு போன் திரையில் வந்து நின்றாய். அது உன் கையின் குற்றம் இல்லை.

அடுத்து டப்பா நுரை. அழுத்தினால் பொங்கி வருகிறதே, அது. குழைக்கவும் வேண்டாம், காயவும் காயாது, வேலை மிச்சம் என்று வாங்கிவந்து முகம் முழுக்க அப்பினேன். அதிலும் இரண்டு தொல்லை. மெத்தை மாதிரி உயர்ந்து நிற்பதால் தோலும் தெரியவில்லை, கத்தி எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. புதினாக் குளிர்ச்சி வேறு கலந்து தொலைத்திருக்கிறார்கள், தோல் மரத்துவிடுகிறது, வெட்டுப்பட்டது அவருக்கே தெரியாமல் நுரை சிவந்த பிறகுதான் நான் பார்த்தேன். ஆனால் எனக்கு ஆறாமல் இருப்பது அந்த வெட்டு இல்லை. அவர் கழுத்தில் துண்டோடு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு கூரையைப் பார்த்துச் சொன்னார், நிஸார் உம்மா, மௌத்தானவனைக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கு, ஒரு வேலையும் எனக்கு வைக்கலையே நீ என்றார். கத்தியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டேன். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பிடுங்கிவைத்திருந்தேன். காபியை நானே ஆற்றிக் கொடுத்தேன், சட்டைப் பொத்தானை நானே போட்டேன், நுரையைக் கூட டப்பாவிலிருந்து வாங்கிவிட்டேன். இதை நினைத்தால் இந்த நிமிஷமும் நெஞ்சை அறுக்கிறது மகனே. நன்மை செய்கிறேன் என்றே செய்தேன்.

பாதித் தாடியோடு அவரை உட்காரவைத்துவிட்டுப் பழைய கடைத்தெருவுக்குப் போனேன், சலூன்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை. யாருக்கும்மா என்று கேட்டான், மகனுக்கு, புதுசாப் பழகுறான் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அப்படின்னா கொழுப்பு சேர்த்த கெட்டிச் சோப்பு வாங்கிட்டுப் போங்க, வாசனை இல்லாததாப் பாருங்க, நுரை உசரத்தைப் பார்த்து மயங்காதீங்க, ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தேய்ச்சா வழுக்கிட்டுப் போகணும், அதான் கணக்கு என்று இந்த வட்டச் சோப்பைக் கொடுத்தான். அதில் ஒரே ஒரு கஷ்டம், சீக்கிரம் நுரைக்காது. வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ்ஷைப் பிழிந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அடி அடியென்று அடிக்க வேண்டும். என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே, வீட்டுக்கு வந்து அடித்ததில் கொஞ்ச நேரத்தில் தோள் விட்டுப்போனது, கிண்ணத்தில் மோர் மாதிரித்தான் இருந்தது. உன் வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, என்னத்த சோறா ஆக்குறே, கொண்டா இங்க என்று கிண்ணத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை நடுங்குகிறது, பிரஷ் பித்தளைக் கிண்ணத்தில் கடகடவென்று அடிக்கிறது, அவர் நிறுத்தப் பார்க்கவும் இல்லை, மறைக்கப் பார்க்கவும் இல்லை. நுரை ஏறியது நிஸார், தயிர் மாதிரி, கனமாக, குமிழே இல்லாமல். நல்ல கையால் அடித்தாலும் அப்படி வருமா தெரியவில்லை. கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரே முகத்தில் பூசிக்கொண்டார், காதிலும் மூக்கிலும் கொஞ்சம் போனது, போனால் போகிறது. நான் எவ்வளவு மெதுவாக வழித்தாலும் அந்த நுரை எனக்காகக் காத்துக்கொண்டு ஈரமாகவே நின்றது. தாடைக்கு அடியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் நுரை அவர் வேலை, கத்தி என் வேலை. நேற்று அடித்துக்கொண்டிருக்கும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், அவன் கிளம்புற அன்னைக்குக் காலைல கேட்டான், ஒரு தடவை உங்க கையால பண்ணி விடுங்க வாப்பான்னு முகத்தைக் கழுவிட்டு வந்து நின்னான், நான்தான் மாப்பிள்ளையா வாடா அப்பப் பண்றேன்னு பெருமை பேசினேன், பண்ணி விட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் என்றார். அன்றைக்கு வாசலில் வண்டி நிற்கிறது, எல்லைப் பாலத்தில் கூட்டமாகிவிடும் என்று இரண்டு பேரையும் விரட்டியது நான்தானே. பிரஷ்ஷை உதறிவிட்டு, அவனுக்கு எழுதிடு, எனக்காக அந்தப் பொண்ணை உக்கார வைக்க வேணாம்னு எழுது, கத்தி இனி என்னால ஆகாது, அவன் எப்ப வந்தாலும் நுரை நான் அடிச்சுத் தர்றேன், கத்தியை நீ பிடி என்றார். அதுவும் உன் கையில, புள்ள ஒரு காதோடதான் திரும்பிப் போவான் என்று தானே சொல்லித் தானே சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாகிறது தெரியுமா.

ஆகவே மகனே, இந்த மாதத்துக்குள் தேதி வைத்துவிடு. ருபாவிடம் உம்மா மன்னிப்புக் கேட்டதாகச் சொல், அவள் உம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நிக்காஹ் அன்று காலையில் இந்தச் சோப்பை ஊறவைத்து அவசரப்படாமல் அடி, தண்ணீரைக் கொட்டிவிடாதே. பேப்பர் எப்போது கிடைக்கிறதோ அப்போது இரண்டு பேருமாக வாருங்கள், இரண்டு வாரத் தாடியோடு வா, எங்களுக்கு வேலை வேண்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. உன் வீட்டில் பரக்கத் இறங்கட்டும், உன் பிள்ளைகள் முகத்தை நாங்கள் பார்க்கிற அளவுக்கு ஆயுளை அல்லாஹ் எங்களுக்கும் தரட்டும்.

கடிதத்தை மடிக்கப் போனேன், வாப்பா பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நடுக்கம் வந்ததிலிருந்து பேங்கில் கூடப் பெருவிரல்தான் வைக்கிறார், யார் கண்ணிலும் தன் எழுத்துப் படவிடுவதில்லை. என் பெயருக்குக் கீழே இருக்கும் கோணல் கோட்டை மைஸூன் பிள்ளை கிறுக்கியது என்று நினைத்துவிடாதே. நல்லாப் பார்த்துக்கட்டும் என்று சொல்லித்தான் போட்டார்.

உன் உம்மா
வஜீஹா

வாப்பா