மாமியார் சொன்ன வார்த்தை

சாந்தோம், மயிலாப்பூர்
12-3-1947

சேசு மரி சூசை

அன்பு மகள் பியாட்ரிசுக்கு, உன்னையும் மருமகன் ஜார்ஜையும் ஆண்டவர் காக்க வேண்டி அம்மா வெரோனிகா எழுதுவது. இங்கே சுகம். ரேஷன் அரிசியில் பாதி கல். அங்கே இங்கிலாந்தில் இன்னும் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொள்.

மருமகனின் பிறந்தநாளுக்கு நீ ஆசையாய்க் கிளறிய கேசரியை உன் மாமியார் ஒரு வாய் தின்றுவிட்டு, “கிளாகி” என்று தட்டை நகர்த்தினாள், அது கறுப்பர் சாப்பாடு என்ற ஏச்சாகத்தான் இருக்கும், இனி அந்த வீட்டில் அடுப்பைத் தொடமாட்டேன், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய்.

ராயப்பேட்டையிலிருந்து மர்சலின் அத்தை வந்திருந்தாள். அவளுக்குக் கண் தெரியாததால் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். அப்பா கூடத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. நீ பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டு கப்பலேறியதிலிருந்து அவர் உன் பெயரை எடுத்ததில்லை, உனக்கே தெரியும். சாப்பிட உட்கார்ந்தவர், “அது இன்னா வார்த்தை, திருப்பிச் சொல்லு” என்றார். சொன்னேன். இத்தனை வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர், அகராதியைப் புரட்டினார். அதில் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பொழுது சாய்ந்து திரும்பினார். அடையாற்றில் ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹட்சன் துரை உன் மாமியார் ஊர்ப்பக்கமாம். அவரைத் தேடிப் போயிருக்கிறார். துரை சிரித்தாராம். அது ஏச்சு இல்லையாம், பிசுபிசுவென்று ஒட்டுவதாம். பூட்ஸில் அப்பும் சேறும் கிளாகி, பல்லில் ஒட்டும் கேக்கும் கிளாகி, சளி கட்டிய தொண்டையும் கிளாகி. அந்நியரிடம் அப்படிப் பேசமாட்டார்களாம், விருந்தாளி என்றால் ‘ரொம்ப நன்றாயிருக்கிறது’ என்று பொய் சொல்லிவிட்டு எழுந்திருப்பார்களாம். வீட்டு மனுஷியிடம்தான் வீட்டுப் பேச்சு வருமாம்.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பியாட்ரிஸ், உன் கேசரி இங்கேயும் பசைதான். ரவையை வறுக்காமல் கொட்டுவாய், நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! நெய் கிடைக்காவிட்டால் போகட்டும், வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறு. தண்ணீரைக் குறை. கிளறும்போது மாமியாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள். அதற்குப் பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால் வா, கதவு திறந்திருக்கும்.

இதை உனக்கு எழுது என்று அப்பா சொல்லவில்லை. ஆனால் மைக்கூட்டை அவர்தான் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். இப்போது ஜன்னலோரம் நின்று, தபால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்கிறார்.

அடுத்த கடிதத்தை அவர் பெயருக்கு எழுது, மகளே. நல்ல இங்கிலீஷில் எழுது. பிழை கண்டுபிடிக்கவாவது முழுக்கப் படிப்பார்.

மாதா உன் பக்கம் இருப்பாளாக.

அம்மா