மீட்டர் இன்னும் மாறவில்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அங்கே கிரேன் ஏணியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறுகிறீர்கள் என்று கேட்டால் போனில் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள். நாங்களும் இங்கே ஒன்றை மழுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பதால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும், “சோலார் ஓடுதா, கரண்ட் விக்க ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்கிறீர்கள். “ஜோரா ஓடுது” என்கிறாள் அம்மா. அது பொய். பேனல் போட்டு ஐந்து மாதமாகிறது. ஓடியது முதல் மாதம் மட்டும்தான்.

நாம் வெளியே அனுப்பும் மின்சாரத்தைத் தனியாகக் கணக்கெடுக்கப் புது மீட்டர் வேண்டும். பழைய மீட்டருக்குப் போவதும் வருவதும் ஒன்றுதான். நாம் கொடுத்ததையும் நாமே செலவழித்ததாக ஏற்றிவிட்டது. பில் மூன்று மடங்கு வந்தது. பேனல் போட்டவர் வந்து, “மீட்டர் மாத்துற வரைக்கும் தொடாதீங்க” என்று சுவிட்சை இறக்கிவிட்டுப் போனார்.

மீட்டர் வராததற்கு முதல் காரணம் நான்தான், அப்பா. தெருவில் எல்லோரும் படிவம் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். நம் வீட்டுப் படிவத்தில் கோட்டை விட்டேன். மாடியில் இருப்பது மூன்று கிலோவாட். நம் இணைப்புக்கு அனுமதி இரண்டுதான். முதலில் அதை உயர்த்தக் கேட்டிருக்க வேண்டும். பழைய பில்லின் மூலையிலேயே அச்சடித்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. மின்வாரிய ஆபீசில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு மனுவைத் திருப்பித் தந்தார்கள். “நீ டிகிரி படிச்ச பொண்ணுதானேம்மா?” என்று கிளார்க் வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

மறுபடி எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினேன். இப்போது மீட்டர் கையிருப்பில் இல்லையாம். வேலையில் பர்மிஷன் போட்டுவிட்டு ஆறு முறை போய்விட்டேன். இன்ஜினியர் ஒன்று வெளியே போயிருப்பார், இல்லை மீட்டிங்கில் இருப்பார். போன செவ்வாய் அவர் சீட்டில் இருந்தார். எப்படியோ தைரியம் வந்து, “எப்பதான் சார் வரும்?” என்று கேட்டேன். “வந்தா சொல்லமாட்டோமா?” என்றார். மீட்டர் கையிருப்பில் இல்லை என்பதையாவது எழுதித் தரச் சொன்னேன். சிரித்தார். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து வீட்டு மாமா வேறு, “என்ன பவர்ஹவுஸ், இன்னிக்கு எத்தனை ஊருக்கு சப்ளை?” என்கிறார்.

அம்மாமேல் கோபப்படாதீர்கள். தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பேனல்களை ஈரத்துணியால் துடைக்கிறாள். ஓடாததை எதற்குத் துடைக்கிறாய் என்று கேட்டேன். “உங்கப்பா வந்ததும் செருப்பைக்கூட கழட்டாம மாடிக்குத்தான் ஓடுவாரு. அப்ப தூசியாவா இருக்கணும்?” என்றாள்.

கரண்ட் செலவு நின்று கொஞ்சம் வரவும் வந்தால், என் சம்பளத்தோடு சேர்த்துச் சமாளிக்கலாம் என்று நீங்கள் சொல்லித்தான் உங்கள் ராஜினாமா கடிதத்தை எழுதி அனுப்பினேன். இந்த மாதக் கடைசியில் அதைக் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். கொடுக்காதீர்கள், அப்பா.

ஆனால் கிழித்துவிடாதீர்கள். தேதிக்கு நான் விட்ட இடம் அப்படியே காலியாக இருக்கட்டும். வரும் செவ்வாய் மறுபடி போகிறேன். எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அதுவரை ஏணியில் மெதுவாக ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்