பட்டப்பகலில் எரிந்த பஸ் விளக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நம்ம ஊர் சித்தியவான் பெருமக்களுக்கு, குறிப்பாக உங்களுக்கு, ஒரு முக்கிய அறிவிப்பு: இங்கே பிரிக்பீல்ட்ஸில் புது பஸ் பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிய ஓடுகிறது! உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் சௌக்கியம்.

காலேஜ் விட்டதும், பஸ் பைத்தியங்களான எங்கள் கூட்டம் ஸ்டாப்பில் படம் எடுக்க நிற்கும். புதன்கிழமை நான் டிரைவரிடம் ஓடி, "பாஸ், லைட் எரியுது, பேட்டரி போயிரும் லா!" என்றேன்.

"இந்த பஸ்ல எனக்கு முதல் வாரம் தம்பி, நல்ல வேளை சொன்னே" என்று அந்த அங்கிள் பஸ்ஸை நிறுத்தி சுவிட்சைத் தேடினார். கால் மணி நேரம் போனது. பயணிகள் கத்தினார்கள். போனில் சூப்பர்வைசர், "அது பகல்லயும் தானா எரியும்யா!" என்று ஏசினார். அப்போதும் அங்கிள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"எப்படி ஏமாத்தினேன் பாத்தியா?" என்று கூட்டத்து ஜானிஸிடம் பீற்றிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. விளக்கு அணையவில்லை, என் முகம்தான் அணைந்தது.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். என் தலையணை உறையையும். துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாச்சு. ஒன்று மட்டும், அம்மா. நான் யாரையும் ஏமாற்றவில்லை. சூப்பர்வைசர் கத்தும்வரை அது தானாக எரியும் என்று எனக்கே தெரியாது; ஜானிஸிடம் சொன்னது வெறும் சமாளிப்பு. அதை அங்கிளிடம் போய்ச் சொல்லத்தான் இன்னும் கால் வரவில்லை.

கேவின்