வெள்ளச்சி வெளுத்தாள்

ஐப்பசி, செவ்வாய்.

“உள்ளே வந்த கிருமியை உடம்பு ஏன் சார் விரட்டவில்லை?” என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டதுண்டு. இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை மருத்துவரிடம் அதையே நான் கேட்டேன்.

எங்கள் ராஜபாளையம் நாய் வெள்ளச்சிக்கு வந்த உண்ணிக் காய்ச்சல் கோடையிலேயே தீர்ந்ததாக நினைத்திருந்தோம். குட்டி போட்டபின் அதன் ரோஸ் நிற மூக்கு வெளிறியது.

“பால்ல முக்கி எடுத்தாப்புல இருக்கா பாருங்க சார். அசல் சாதி” என்றார், நாய் வளர்க்கும் பக்கத்து வீட்டுச் சுப்பையா. நானும் பெருமைப்பட்டேன். இன்று காலை அதனால் எழ முடியவில்லை.

மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கினார். ஈறு சுண்ணாம்பாக இருந்தது.

“காய்ச்சல்தான் சார் போச்சு. உண்ணி கடிச்சப்ப ஏறுன கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள்ளயே இம்புட்டு நாளும் இருந்திருக்கு.”

போலீஸ் தெருவில் தேட, திருடன் நம் வீட்டு அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போலத்தான். குட்டிகளுக்குப் பாலூட்டியதில் தெம்பு குறைந்ததும் கிருமி பெருகி, அணுக்களை உடைத்துவிட்டது. நோய் தின்ற வெளுப்பையா அழகு என்றோம்?

பிழைக்குமா என்று அவர் சொல்லவில்லை. ஊசி போட்டிருக்கிறது. மூச்சு மட்டும் கேட்கிறது.

சுப்பையாவின் நாய்களும் வெள்ளைதான். விடிந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும்: மூக்கைப் பார்க்காதீர்கள், உதட்டைத் தூக்கி ஈறு சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.