சத்தம் வைத்துப் பார்த்த ஆட்டம்

டல்சா, பிப்ரவரி 4

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகமா? இந்தப் பனியில் அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

எங்கள் கூடைப்பந்து அணியில் ஒரே பரபரப்பு. கூடைக்கடியில் நின்று ஆடும் சென்டர் ஆட்டக்காரர் ஓடெல்லை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, அவரைவிடப் பத்து வயது இளைய, ஏழடி உயர ஆட்டக்காரர் ஒருவரை வாங்கலாமா என்று பேச்சு. வியாழன் மூன்று மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இருவரின் ஆட்ட வீடியோப் பதிவுகளையும் தொகுத்தது நான்தான். வழக்கம்போல ஒலியை அணைத்தே போட்டுக் காட்டினேன். புதியவர் பறக்கிறார், ஓடெல் நடக்கிறார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆளை மாத்திடலாம்," என்று மேலாளர் காரிட்டி போனை எடுத்தார்.

"கொஞ்சம் சத்தத்த வைம்மா," என்றார் பயிற்சியாளர்.

வைத்தேன். அம்மா, ஆட்டம் முழுக்க ஓடெல்லின் குரல்தான்! "இடது பக்கம் வர்றான் பாரு! பின்னாடி நான் இருக்கேன், நீ தைரியமா போ!" மற்ற நால்வரையும் பேசியே ஓட வைத்துவிடுகிறார், அப்புறம் அவர் எதற்கு ஓட வேண்டும்? புதியவரின் பதிவில் காலணிகள் கிறீச்சிடும் சத்தம் மட்டும்தான்.

காரிட்டி போனைக் கீழே வைத்தார். "இந்த மனுஷனையா அனுப்பப் பாத்தோம்!"

மூன்று வருடமாக அவரை நான் ஊமைப்படமாகவே பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நம் ஊர் ஏரியில் விளையும் காட்டரிசி ஒரு பை அனுப்புங்கள். ஞாயிறன்று அப்பா ஹாக்கி பார்த்துக் கத்தும்போது, எனக்குப் போன் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். என்னிடம் யாரும் பேச வேண்டியதில்லை.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் கொரின்