இரண்டு கையாலும் வாங்கியது

ஜனவரி 9

விரல் மரத்துவிட்டது. இன்றைக்கு முப்பத்தொரு சிடி. இன்னும் இருபத்தொன்பது பாக்கி. அட்டையின் மேல் எங்கள் நால்வரின் கையெழுத்து. உள்ளே, வாங்கப்போகிறவரின் பெயரைப் போட்டு நான் எழுத வேண்டிய வரிகள். "வணக்கம், நாங்கள் லுவெல். இந்த மாதம்தான் மேடைக்கு வருகிறோம். கடுமையாக உழைப்போம். அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." டிவி நிலையத்தில் சீனியர் பாடகர்கள் காத்திருக்கும் அறைகளைக் கதவு கதவாகத் தட்டி, இடுப்பு வரை குனிந்து, இதைக் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிற எல்லாக் குழுவும் செய்வதுதான்.

நான் ஏற்கெனவே ஒருமுறை செய்தவள். இருபது வயதில் ஒரு குழு, ஒன்றரை வருடத்தில் கலைந்தது. இப்போது இருபத்தாறு. பழைய கள், புது மொந்தை.

எங்கள் நிறுவன முதலாளி இன்று பயிற்சி அறைக்கு வந்து நால்வரையும் வரிசையாக நிற்கவைத்தார். "டிசம்பர் வரைக்கும்தான். டிவியோட வருஷக் கடைசிக் கச்சேரியில உங்களுக்கு ஒரு இடம் கெடைக்கலன்னா, நான் கடைய மூடிட்டுக் கோழி வறுக்கப் போயிடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம்.

ஜனவரி 11

பாடகி ஓக் சேராவுக்குக் கொடுக்கப்போகும் சிடியைக் கடைசியாக வைத்திருந்தேன். நாலு வரி போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் என்னோடு பேசாத அந்த வருடம், காதில் மாட்டிக்கொண்ட அவர் குரல் மட்டும்தான் துணை என்று எழுதினேன். முதல் குழு கலைந்தபோது அழாமல் இருந்ததும் அந்தக் குரலால்தான் என்று எழுதினேன். அழாமல் இருந்தேன் என்பது பொய். போகட்டும், ஒரு அலங்காரம்.

ஜனவரி 24

முதல் மேடை. மூன்று நிமிடம் பதினொரு நொடி. அதற்காக விடியற்காலையிலிருந்து காத்திருந்தோம்.

பதினேழு கதவு தட்டினோம். சில அறைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் குழு சாப்பிட்டுக்கொண்டே வாங்கியது, ஒற்றைக் கையால். போமினுக்கு முகம் விழுந்துவிட்டது. எங்களில் கடைக்குட்டி அவள், பதினெட்டு வயது, எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொள்வாள்.

சேரா எழுந்து நின்றார். இரண்டு கையாலும் வாங்கினார். அட்டையைத் திறந்து, எழுத்தின் நீளத்தைப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவா! நல்லா வருவம்மா நீ" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மேக்கப் போட்டுவிடும் அக்கா திட்டிக்கொண்டே கண்ணுக்கடியில் மறுபடி பூசிவிட்டாள்.

பிப்ரவரி 6

பாட்டு வரிசைப் பட்டியலில் எங்கள் பாட்டு முதல் நூறில் இல்லை. இருநூறில் இல்லை. அதற்குக் கீழே பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 5

ஸ்ட்ராபெரித் திருவிழா. எங்களுக்கு முன்னால் ட்ராட் என்கிற பழைய பாணித் துள்ளல் பாட்டு பாடுகிற ஒருவர், பளபளக்கும் கோட்டில், கூட்டத்தை எழுப்பி ஆடவைத்துவிட்டுப் போனார். நாங்கள் ஏறியதும் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். மீதிப் பேர் எங்கள் பாட்டுக்கும் அதே ஆட்டத்தை ஆடினார்கள். தாளம் பொருந்தவில்லை. அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

இறங்கும்போது ஒரு அம்மா போமினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, வீட்டுல சோறு போடமாட்டாங்களா? குச்சி மாதிரி இருக்க. இந்தா, வாயத் தொற." வாயில் ஒரு துண்டு வெங்காய அடை. எங்கள் மேனேஜர் கூ அண்ணன் வேனிலிருந்து கத்தினார்: "போமின்! துப்பு! நாளைக்கு எடை பாக்கணும்!"

போமின் அவரைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். இந்த வருடத்தில் நான் பார்த்த ஒரே வீரச் செயல்.

ஜூன் 14

இரண்டாவது பாட்டுக்காக மறுபடி டிவி நிலையம். எங்கள் கதவையும் ஒருவர் தட்டினார்! டிண்டில் என்று ஒரு குழு, இந்த வாரம்தான் முதல் மேடையாம். போமின் குதித்தாள். "அக்கா, நமக்கும் ஜூனியர் வந்துட்டாங்க அக்கா!"

அவர்களின் தலைவி பெயர் ஊரி. இருபத்திரண்டு இருக்கும். "நாரே அக்கா, நேரம் கெடைக்கும்போது உள்ள எழுதினதப் படிங்க" என்றாள். சிடியை இரண்டு கையாலும் வாங்கினேன். "நல்லா வருவ" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது, யாருடைய வசனம் இது?

அடுத்த நிகழ்ச்சிக்கு ஓட வேண்டியிருந்தது. வேனில் கப் ராமென், சுடுநீர் ஊற்றி மூடிவைக்கிற நூடுல்ஸ். மூடி பிரிந்து பிரிந்து வந்தது, எதையோ எடுத்து மேலே கனமாக வைத்தேன். மூன்று நிமிடத்தில் வெந்தது, இரண்டு நிமிடத்தில் தின்றாயிற்று. தூங்கிவிட்டேன்.

ஜூலை 30

இரண்டாவது பாட்டும் ஊற்றிக்கொண்டது.

செப்டம்பர் 19

எழுதித்தான் ஆக வேண்டும்.

போமின் செல்போனைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "அக்கா, பாக்காதீங்க" என்றாள். பாக்காதீங்க என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தால் யார் பார்க்காமல் இருப்பார்கள்?

பழைய சாமான் விற்கும் ஆப். "சிடி, கையெழுத்துடன், நல்ல நிலையில்." விலை ஒரு காபியின் விலை. படத்தில் என் எழுத்து. சேரா என்ற பெயரை மட்டும் கறுப்பால் அழித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், காது, அழுகை எல்லாம் அப்படியே இருக்கிறது. ஊரே படிக்கலாம்.

ஐயோ, ஏன்டி நாரே, அவ்வளவு எழுதின? யாரு உன்னக் கேட்டா?

செப்டம்பர் 21

யாரோ ரசிகர் எழுத்தை வைத்தே யாருக்கு எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டார். தேடல் பட்டியலில் லுவெல் மூன்றாவது இடம். பாடியதற்கு வராத பேர், குப்பையில் கிடந்ததற்கு வந்துவிட்டது.

முதலாளிக்கு எரிகிற வீட்டில் பிடுங்கிய லாபம். "இதவிட விளம்பரம் வேணுமா? ஒரு நிகழ்ச்சி பேசி வெச்சிருக்கேன். போய் உக்காரு. அழுகை வந்தா அடக்காத."

செப்டம்பர் 27

போனேன். உட்கார்ந்தேன். அழுகையும் வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

தொகுப்பாளர் கேட்டார்: "உங்களுக்கு ஜூனியருங்க குடுக்கற சிடிய நீங்க என்ன செய்வீங்க?"

"ஒவ்வொண்ணையும் படிப்பேன். அலமாரியில வெச்சிருக்கேன். அது ஒருத்தரோட மனசு இல்லையா?" என்றேன்.

அரங்கமே கை தட்டியது. அந்த நொடியில் நான் சொன்னதை நானே நம்பினேன். எங்கள் அறையில் அலமாரியே கிடையாது. நாலு கட்டில், ஒரு துணி ஸ்டாண்டு.

அக்டோபர் 3

முதல் பாட்டு, ஜனவரிப் பாட்டு, 88-ஆம் இடம். சேராவின் சியோல் கச்சேரி ரத்து. அவருடைய இணையப் பக்கத்தில் மக்கள் எழுதியிருப்பதை வாசித்தேன். செத்துப் போ என்றுகூட ஒருவர். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது. என்னிடமே பொய் சொல்ல ஒரு நோட்டு எதற்கு?

அக்டோபர் 18

டிவி நிலையத்தின் தாழ்வாரத்தில் சேரா. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், எனக்கு இடுப்பு வரை குனிந்தார். சுற்றி இருந்தவர்கள் நடையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"நாரே, நான் படிச்சேம்மா. அன்னிக்கே, வண்டியில வெச்சே படிச்சேன். ஆபீஸ் மாத்தும்போது பெட்டி பெட்டியா எடுத்துப் போட்டுட்டாங்க. என் தப்புதான். ஆனா படிச்சேன்."

"சரிங்க சீனியர்" என்றேன். அவ்வளவுதான். படித்தவர் எறிவாரா? முகத்தைப் பார்த்தேன், நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிகிற மாதிரி. தெரிந்துகொண்டார்.

நவம்பர் 8

கூ அண்ணன் வேனைக் கழுவினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார். அட்டையில் வட்டமாக ஒரு கறை, ஜூனில் மூடிமேல் கனம் வைத்த அந்தக் கப் ராமெனின் வாய் அளவு. டிண்டில்.

கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு திறந்தேன். பச்சை மை, பொடி எழுத்து.

"நாரே அக்கா, ஒரு குழு கலைந்த பிறகும் நீங்கள் திரும்ப வந்தவர் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் இது இரண்டாவது முறை. இங்கே யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். விழுந்த ஒருவர் எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டேன். பதில் எதிர்பார்க்கவில்லை. படித்தால் போதும்."

டிண்டில் ஆகஸ்டிலேயே கலைந்துவிட்டதாம். போமின்தான் சொன்னாள். அவளுக்கு எல்லாக் குழுவின் சாவும் தெரியும்.

நவம்பர் 9

கூ அண்ணன்: "கிழிச்சுப் போட்டுடு. யாருக்குத் தெரியும்?"

கிழிக்கவில்லை. ஊரியைத் தேடவும் இல்லை. இது நல்லதா கெட்டதா? இரண்டும் இல்லை, கோழைத்தனம்.

டிசம்பர் 12

கிடைத்துவிட்டது. வருடக் கடைசிக் கச்சேரியில் எங்களுக்கு இடம்! போமின் தரையில் உருண்டாள். முதலாளி எல்லோருக்கும் வறுத்த கோழி வாங்கித் தந்தார், தோலோடு சாப்பிடலாம் என்று அனுமதியும் தந்தார்.

பிறகு விவரம் வந்தது. பாட்டு ஒரு நிமிடம்தான். அதற்கு முன்னால், இந்த வருடப் பாட்டுலகத்தைத் திரும்பிப் பார்க்கிற பகுதியில், நான் தனியாக உட்கார வேண்டும். "அலமாரியிலேருந்து ஒரு ஜூனியர் சிடிய எடுத்துட்டு வந்துடுங்க. டிண்டில்னு ஒண்ணு இருக்கும்ல? அதுவே இருக்கட்டும்" என்றாராம் தயாரிப்பாளர். வேறு ஜூனியர் யாரும் எங்கள் கதவைத் தட்டவில்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

டிசம்பர் 15

கறையைத் துடைத்துப் பார்த்தேன். அட்டையின் தோல்தான் உரிந்தது.

கூ அண்ணன் அதே ஆப்பில் வேறொரு டிண்டில் சிடி கண்டுபிடித்தார். யாரோ ஒரு ரேடியோக்காரருக்கு அவர்களில் ஒருத்தி எழுதிக் கொடுத்தது. கறை இல்லாதது. "மூடியே வெச்சுக்கோ. அட்டையக் காட்டு, அவ்வளவுதான்" என்றார்.

வாங்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

டிசம்பர் 28

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

விளக்கு, நாற்காலி, மடியில் சிடி. தொகுப்பாளர் ஜனவரியிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னார். திரையில் என் எழுத்து ஆள் உயரத்துக்கு. நான் சிடியைத் தூக்கிக் காட்டினேன். கை தட்டினார்கள். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

"இதக் குடுத்தவங்களையே கூட்டிட்டு வந்திருக்கோம்!" என்றார்.

ஊரி வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், சாதாரணச் சட்டை. இப்போது ஒரு பேக்கரியில் வேலையாம். முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது. கடவுளே, அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள்.

"நீங்க எழுதினத நீங்களே படிச்சுக் காட்டுங்களேன்" என்று தொகுப்பாளர் என் மடியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினாள். திறந்தாள். கறுப்பு மை. வேறு எழுத்து. வேறு ஆளின் பெயர்.

கண் அங்கேயே நின்றது. ஒரு மூச்சு நேரம்.

பிறகு படிக்க ஆரம்பித்தாள். "நாரே அக்கா, ஒரு குழு கலைந்த பிறகும்..." ஒரு சொல் மாறவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள், கண் அந்தக் கறுப்பு எழுத்தின் மேலேயே, வரி வரியாக நகர்கிற மாதிரி. கடைசி வரிக்கு மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "படித்தால் போதும்."

அரங்கில் அழாதவர் இல்லை. நானும்தான். கேமரா என் கண்ணீரை நெருங்கிக் காட்டியது.

மேடைக்குப் பின்னால் ஓடிப் பிடித்தேன். சிடியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, நான் எழுதினது பச்ச மையில."

"தெரியும், ஊரி. நான் படிச்சேன். சத்தியமாப் படிச்சேன். உன்னோடது வீட்டுல இருக்கு, அது வந்து... அட்டை கொஞ்சம்..."

என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அக்டோபரில், தாழ்வாரத்தில், நான் சேராவைப் பார்த்த பார்வை.

"சரிங்க சீனியர்" என்றாள். இடுப்பு வரை குனிந்துவிட்டுப் போனாள்.

அக்கா இல்லை. சீனியர்.

டிசம்பர் 31

ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். ஊரி படிக்கிற காட்சியை எழுபது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். முதலாளி கோழி வறுக்கப் போகவில்லை. எல்லா நிலையங்களிலும் இந்த வருடத்தின் பாடல்களை வரிசைப்படுத்திப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓக் சேரா ஒன்றிலும் இல்லை.

மூன்றாவது பாட்டின் சிடிகள் வந்துவிட்டன. அறுபது. முதலில் சேராவின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே: "நீங்கள் படித்தீர்கள் என்று இப்போது நம்புகிறேன். ஏனென்றால் நானும் ஒருத்தியின்..."

கூ அண்ணன் தோளுக்கு மேலாகப் படித்தார். சிடியை மெதுவாக என் கையிலிருந்து உருவினார்.

"இதுவும் ஆப்புல வந்துச்சுன்னா? போமினுக்குப் பத்தொன்பது வயசுதான் ஆகப்போகுது, குழு கலைஞ்சுட்டா அவ என்ன செய்வா, யோசிச்சியா?" வேறொன்றை எடுத்து முன்னால் வைத்தார். "எப்பவும் போல எழுது."

பக்கத்துக் கட்டிலில் போமின் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

வணக்கம், நாங்கள் லுவெல். கடுமையாக உழைப்போம். அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபதும் எழுதி முடித்தேன்.