வரத்துப் பாட்டின் முன்பாதி

மதினி,

இன்று காலை கடையைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, மெஷின் சூடாகும்வரை போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து நீங்கள் பாடினீர்கள். வண்ணார்பேட்டை பஸ்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் உங்கள் குரல் தனியாகத்தான் கேட்டது. வளையல்காரனிடம் அம்மன் பேரம் பேசுகிற அந்த இடம். எட்டிப் பார்த்தேன். இந்தப் பாட்டுக்கு வழக்கமாக எல்லாரும் ஆட்டிக் காட்டுகிற வளையல் கைகளைக் காணவில்லை. டிரைவர் அண்ணாச்சி ஆடிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் மஞ்சள் நீர் வழிய, கையில் வேப்பங்குலையோடு, நம் ஆற்றங்கரைக் கோயில் பந்தலில். யாரோ அவர் சாமியாடியதை எடுத்து உங்கள் பாட்டோடு ஒட்டிவிட்டிருக்கிறார்கள்.

"எப்பிடி ஆடுதாரு பாருங்கக்கா, பாக்கப் பாக்கப் புல்லரிக்கி" என்றாள் அந்தப் பெண்.

நான் "ஆமா" என்றேன். என் வாய்க்கு வேறென்ன தெரியும்? அவளுக்கு எடுத்துக் கொடுத்த தாள்களை இரண்டு தடவை தலைகீழாக அடுக்கினேன். மதினி, அந்த ஆட்டம் பொய். அது அண்ணாச்சிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு வில்லும் வேனில் வந்து இறங்கியது. "அண்டா வரும்னு பாத்தா வில்லுல்லா வருது" என்று அம்மா முனகினாள். வில்லுப்பாட்டுக்காரி மருமகளாக வந்ததில் அம்மாவுக்குப் பெருமையா வருத்தமா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. உங்கள் குழுவில் எதிர்ப்பாட்டுக்கு இருந்தவள் கல்யாணமாகித் தூத்துக்குடி போய்விட்டாள். நீங்கள் அடுக்களையில் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"ஏட்டி, இங்கன யாரு என்ன சொன்னாலும் நீ வாய் குடுக்க. சும்மா கெடந்து வீட்ல வாய் குடுக்கதுக்கு, பந்தல்ல வந்து குடேன்."

அப்படித்தான் நான் உங்கள் இடதுபக்கம் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் ஒரு அடியைப் பாடுவீர்கள். அதன் வாலைப் பிடித்து நான் திருப்பிப் பாடி, ஒரு "ஆமா" போடுவேன். பார்க்கிறவர்களுக்கு அது தலையாட்டுகிற வேலை. பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவளைப் போல என்னைப் பார்ப்பார்கள். நான் ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பியபோது நீங்கள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். "கேக்க ஆளில்லன்னா கதை எதுக்குட்டி? நீ ஆமாங்கணும். அப்பத்தான் எனக்கு அடுத்தது வரும்" என்றீர்கள். கீரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாட்டு ஊரைவிட்டு வெளியே போனதில் எனக்கு வருத்தமே இல்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். சென்னையிலிருந்து அந்த இசையமைக்கிற பெண் மைக்கோடு வந்து, நம் உள்ளறை ஜன்னலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, வளையல்காரன் பாட்டைப் பதிவு செய்தாள். "உங்க வாய்ஸ அப்புறமா சேத்துக்கலாம் மேடம்" என்று என்னைச் சும்மா உட்காரச் சொன்னாள். அந்த அப்புறம் வரவே இல்லை. நான் பதில் சொல்கிற இடத்திலெல்லாம் டிரம் சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள். "சவத்த விடுட்டி. பாட்டு போவட்டும். அது போற எடமெல்லாம் நாமளும் கூடவா போவ முடியும்?"

போகத்தான் செய்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் புன்னக்காயலிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். மாதா கோயில்காரர், சொந்தப் படகு வைத்திருப்பவர். கடலுக்குப் போனால் இந்தப் பாட்டைத்தான் போடுகிறோம், பையன்களுக்கு இது இல்லாமல் வலை இழுக்க ஓடவில்லை என்றார். பாடுவது என் மதினி என்றதும் எழுந்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்சுப் பெண்கள் உங்களைக் கண்டுபிடித்து, ஊசி குத்தின கையோடு உங்களைப் பாடச் சொன்னார்கள். நீங்களும் பாடினீர்கள். அந்த முகம் எனக்கு மறக்காது. சாகப்போகிறவள் முகமா அது?

எனக்கு ஆறாதது வேறு. வரத்துப் பாட்டு.

கதை சொல்கிறவரை கதை. வரத்து வந்தால் அது கூப்பாடு. ஆற்றிலிருந்து அம்மன் எழுந்து வருவதை அடியடியாகப் பாடி, எதிரே நிற்கிற சாமியாடியின் உடம்பில் அவளை இறக்கவேண்டும். அது நடந்தால்தான் கோயில் திருவிழா கொடையாக நிறையும். மற்றக் கதைகளையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்லக் கடைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்து வைத்திருக்கிறேன். வரத்தைக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வீர்கள்.

"சும்மா பாடுனா வந்துருவா. வந்தவள எங்கன உக்கார வைக்க?"

வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை, ஒத்திகை கிடையாது. கொடையிலும் அந்த இடம் வந்ததும் வில்லில் அடிக்கிற வீசுகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பீர்கள். அத்தனை போனும் கீழே இறங்கிவிடும். அதனால் அது எங்கேயும் இல்லை. ஊர் உலகமெல்லாம் உங்கள் குரல் ஒரு நிமிஷம் இருக்கிறது. அவளை வரவழைத்த குரல் ஒரு துளிகூட இல்லை. மார்கழியில் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள். "நாளைக்கிச் சொல்லுதேன்" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். உங்களை நினைத்து அழுத நாளைவிடத் திட்டிய நாள்தான் அதிகம்.

இந்த வருஷக் கொடைக்கு அழைக்க டிரைவர் அண்ணாச்சியே வந்தார். சீவலப்பேரி டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு கடை வாசலில் நின்றார். நான் தயங்கினேன்.

"ஒம் மதினி போயிட்டா, சரி. அம்மனும் போயிட்டாளா? இருவது வருசத்துக்கு மேல பக்கத்துலயே இருந்தவ நீ. ஒனக்குத் தெரியாததா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை கொடையில் வாய் வலிக்கப் பதில் பாடியவளுக்கு வரத்து தெரியாமலா போகும்? சரி என்று சொல்லிவிட்டேன்.

மதியக் கொடை. அப்படி ஒரு கூட்டத்தை அந்தக் கோயில் கண்டதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்த பெண்பிள்ளைகள் கை நிறைய வளையலோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் வில்லுக்கு நடுவில், உங்கள் இடத்தில். குடம் அடிக்கிற மாமா வழக்கம்போல. சிங்கி போடுகிற அவர் மருமகள் என் இடத்தில். காப்பு பாடினேன், கதையும் நன்றாகவே ஓடியது. வளையல்காரன் வந்ததும் பந்தல் முழுக்கச் சேர்ந்து பாடியது. போனில் கேட்ட வேகத்தில், பதிலுக்கு இடமே விடாமல். நான் அந்த வெள்ளத்தோடு போனேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு குடம் தாளம் மாறியது. அண்ணாச்சி செம்பட்டும் மாலையுமாக எதிரே வந்து, சுடுமணலில் வெறுங்காலோடு கண்ணை மூடி நின்றார். நான் வீசுகோலைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

என் கழுத்து தானாக வலதுபக்கம் திரும்பியது. இத்தனை வருஷமும் அங்கே உங்கள் வாயைப் பார்த்துத்தானே நான் பாடினேன். அங்கே உடுக்குக்காரர் இருந்தார். "நனைஞ்ச சேலையோட" என்று ஒரு வால் மட்டும் நாக்கில் வந்தது. யார் நனைந்தாள், எந்தத் துறையில், எதற்கு, எதுவும் இல்லை. அந்த வாலையே பாடினேன். மறுபடியும் பாடினேன். மாமாவின் மருமகள் குழம்பிப்போய் "ஆமா" என்றாள். பெண்கள் குலவையை எடுத்துப் பாதியில் விட்டார்கள். அண்ணாச்சிக்கு அம்மன் வந்தால் முதலில் கால் பெருவிரல் துடிக்கும், உங்களுக்குத் தெரியுமே. அந்த விரலையே பார்த்தேன். அது அசையவில்லை. நிமிர்ந்தால், அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்.

என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது. ஓவென்று ஒரு சத்தம் போட்டுக் குதித்தார்.

பந்தல் அதிர்ந்தது. யாரும் இறக்கச் சொல்லாததால் அத்தனை போனும் மேலேயே இருந்தன. நன்றாகத்தான் ஆடினார், ஒரு குறையும் சொல்லமுடியாது. கடைசியில் திருநீறு பூச என்னிடம் வந்தார். அம்மன் இருக்கிற கை கொதிக்கும், நடுங்கும். அந்தக் கை சில்லென்று நிதானமாக இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பூசிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தபிறகு ஆற்றில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனேன். திரும்பாமலேயே பேசினார்.

"பொய்யா ஆடிட்டேம்ட்டி. வராம ஒருநாளும் ஆடுனதில்ல. ஒன்னய அங்கன அப்பிடி விட்டுட்டு நிக்க மனசு வரல. கொடை நின்னிருந்தா ஒன்னயத்தான சொல்லுவானுவ."

"அண்ணாச்சி..."

"இந்தக் கால வச்சித்தான் நாளைக்கி பிரேக்க மிதிக்கணும். அத்தன சனம் ஏறும் வண்டியில. பயமா இருக்கு தாயி. எட்டாம் நாள் கொடைக்காவது பாடிருவியா?"

பாடுகிறேன் என்றேன். என்னை நம்பி ஒரு மனிதர் சாமி குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது, வேறென்ன சொல்லமுடியும்?

அந்த வாரம் நான் நானாக இல்லை. மாமாவிடம் கேட்டேன். குடத்தில் அடி எங்கே விழும் என்பது அவருக்குத் தெரியும், சொல் தெரியாது. அண்ணனிடம் கேட்டேன். உங்கள் குரல் எங்கே கேட்டுவிடுமோ என்று போனையே அணைத்து வைத்திருக்கிறவன், "அவதான் வீட்ல பாடமாட்டாளே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அண்ணாச்சியிடம் கேட்டேன். "எனக்கு எப்பிடித் தெரியும்? அந்நேரம் நான் அங்கன இருக்கமாட்டனே" என்றார். நெட்டில் உங்களைத் தேடினேன். பக்கம் பக்கமாக வந்தீர்கள், எல்லாம் வளையல். நானே சொல் கட்டிப் பார்த்தேன். எத்தனை பேருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளை டைப் அடித்தவள், எதுகை மோனைக்கா பஞ்சம்? ஆனால் என் சொல்லுக்கு அவள் எதற்காக வரவேண்டும்? கடையில் கீ போர்டு மேல் தலையை வைத்து அழுதேன். ஒரே ஒரு முதல் சொல் கொடுங்கள் மதினி, மீதியை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். நீங்கள் தரவில்லை.

எட்டாம் நாள் கூட்டம் இல்லை. வளையல் பிள்ளைகள் யாரும் வரவில்லை. வில்லில் உட்காரும் முன்னால் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், என்னிடம் ஒவ்வொரு அடிக்கும் பின்பாதிதான் இருக்கிறது என்று.

"உள்ளதப் பாடு" என்றார்.

நான் நடுவிடத்தை விட்டு எழுந்து என் பழைய இடத்துக்கு வந்தேன். நடுவில் யாரையும் உட்காரவிடவில்லை. மாமா புரிந்துகொண்டார். நீங்கள் ஒரு அடி பாடுகிற நேரம் முழுக்கக் குடம் மட்டும் நடந்தது. அது முடிகிற இடத்தில் நான் "நனைஞ்ச சேலையோட, ஆமா" என்றேன். மறுபடியும் குடம் மட்டும். "கரையேறி வாராளே, ஆமா." அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றுகூடத் தவறாமல் வரிசையாக வந்தது. உங்கள் மூச்சு எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணீர் நெஞ்சுவரை வழிந்தும் குரல் உடையவில்லை. அண்ணாச்சியின் கால்விரலைப் பார்த்துக்கொண்டே பாடி முடித்தேன்.

விரல் அசையவில்லை. பட்டு முழுக்க வேர்வை. கண்ணைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வரல" என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியவர் அபசகுனம் என்று எழுந்து போனார். அண்ணாச்சி தட்டிலிருந்து திருநீற்றை எடுத்துச் சாமியாக இல்லாமல் மனுஷராக என் நெற்றியில் பூசினார். "பைய வருவா. பொய்யா ஆடலல்லா, அதுவே போதும்" என்றார். சாயங்கால டவுன் பஸ் நடைக்கு டூட்டியில் ஏறிவிட்டார்.

நேற்று அந்தச் சென்னைப் பெண் போனில் பேசினாள். வரத்துப் பாட்டு என்று ஒன்று இருக்கிறதாமே, வெளிநாட்டில்கூடக் கேட்கிறார்கள், பாதி இருந்தாலும் போதும், காலியான இடத்தை மியூசிக் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்றாள். நல்ல பெண்தான், உங்களுக்காக அழுதவள். பஸ்ஸில் சீட்டுக் கேட்கிறவர்களிடம் சொல்வது போல, "அது காலி எடம் இல்லம்மா, அங்கன ஆள் இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் பாடக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டே நடமாடுகிறேன். ஆனால் உள்ளே அது நிற்பதே இல்லை. பால் காய்ச்சும்போது, ஷட்டரைத் தூக்கும்போது, ராத்திரி அண்ணனுக்குச் சோறு போடும்போது, வால்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. அடுத்த கொடைக்கு அண்ணாச்சி மறுபடியும் அந்த மணலில் வந்து நிற்பார். என் பங்கு ஒரு சொல் குறையாமல் என்னிடம் இருக்கிறது. நான் ஆமா சொல்லியாகிவிட்டது மதினி. நீங்கள்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை.